புதுப்பிப்பு: ஆக்சிஜன் கருவி மீண்டும் ஓடுகிறது

வெளிநாட்டில் நான் பணியாற்றும் மிஷன் மருத்துவமனையின் ஆக்சிஜன் செறிவூட்டி (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) சரியாக இயங்கவில்லை என்று எழுதி, வழி கேட்டிருந்தேன். வடிகட்டியில் தூசி, சியோலைட் துகள்களிலும் ஈரம் ஏறியிருந்தது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துவைப்பவை அவைதான்; நனைந்தால் 90 சதவீத ஆக்சிஜன் கிடைக்காது. நீங்கள் சொன்னபடி இரண்டையும் மாற்றினோம்.

நேற்று நிமோனியாவோடு வந்த குழந்தைக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 84 சதவீதம். மூக்குக் குழாய் வைத்த சற்று நேரத்தில் 95! பாட்டி பொழிந்த நன்றி அரைகுறையாகத்தான் புரிந்தது. மொழி இன்னும் எனக்குக் கைவரவில்லை. அந்த நன்றி உங்களுக்கும், இரவெல்லாம் ஜெனரேட்டரைக் காத்த உதவியாளருக்கும் உரியது. காலை ஜெபத்தில் உங்களை நினைத்துக்கொண்டேன் (கருவியையும்தான், சிரிக்காதீர்கள்). மின்சாரம் மட்டும் பழையபடி ஏற்ற இறக்கத்தோடுதான். மின்னழுத்தச் சீராக்கி வந்ததும் எழுதுகிறேன்.