தமிழ்ச் சங்கத்தின் பழைய ஆவணங்களைப் பல்கலைக்கழகக் காப்பகத்துக்குக் கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

சாட்ஸ்வர்த் செயலாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மேவில் பகுதியில் தொடங்கி, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டத்தால் வீடுகளை இழந்த குடும்பங்களோடு 1960களில் அதே நகரின் சாட்ஸ்வர்த் பகுதிக்கு வந்து சேர்ந்த ஒரு சிறிய தமிழ்ச் சங்கத்துக்கு நான் இப்போது செயலாளர். சங்கத்தின் பழைய ஆவணங்கள் இரண்டு தகர ட்ரங்குப் பெட்டிகளிலும் ஒன்பது அட்டைப் பெட்டிகளிலும் இருக்கின்றன. 1930களிலிருந்து எழுதப்பட்ட கூட்டக் குறிப்பேடுகள், மாதச் சந்தா ரசீதுகளின் அடிக்கட்டைகள், மாலை நேரத் தமிழ்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடுகள், எங்கள் ஆசிரியர் ஒருவர் கைப்பட எழுதிய நாடகப் பிரதிகள், ஏறத்தாழ நானூறு புகைப்படங்கள் ஆகியவை அவற்றில் உள்ளன. சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லாததால், செயலாளர் மாறும்போதெல்லாம் பெட்டிகளும் வீடு மாறும். 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது முந்தைய செயலாளரின் வாகனக் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து, அடியில் இருந்த ஒரு பெட்டி நனைந்துவிட்டது.

குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுதூலி ஆவண மையத்தை அணுகலாம் என்று செயற்குழுவில் சிலர் சொல்கிறார்கள். அதற்கு முன் இவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, கிழிந்த தாள்களை ஒட்டி, பயனற்ற ரசீதுகளைக் கழித்துவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். கொடுத்த பிறகு அவை யாருக்குச் சொந்தமாகும் என்பதையும், தேவைப்பட்டால் திரும்பக் கேட்க முடியுமா என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற காப்பகப் பணியாளர் எழுதியது:

ஐயா, முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சீரமைப்பால் பாழான காகிதங்களைக் கரையான் அரித்தவற்றைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். பெட்டிக்குள் எந்தத் தாளுக்கு அடுத்து எந்தத் தாள் இருக்கிறது என்பதே ஒரு சான்று. ஒரு கூட்டக் குறிப்புக்குள் மடித்து வைக்கப்பட்ட கடிதம் அந்தக் கூட்டத்தில் பேசப்பட்ட கடிதமாக இருக்கலாம். தேதி வாரியாக அடுக்குகிறேன் என்று அதை உருவிவிட்டால் அந்தத் தொடர்பு பிறகு யாருக்கும் கிடைக்காது. செலோ டேப் ஒட்ட வேண்டாம், லேமினேட் செய்ய வேண்டாம், பாச்சை உருண்டை போட வேண்டாம். துருப்பிடித்த குண்டூசிகளைக்கூட எளிதில் கழன்றுவந்தால் மட்டும் எடுங்கள். நனைந்த பெட்டியில் பூசணம் இருந்தால் அதைத் தனியே வைத்துவிட்டு, காப்பகத்தாரிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு பெட்டியின் பூசணமும் ராமபாணப் பூச்சியும் மற்றவர்களின் சேகரிப்புக்கும் பரவும் என்பதால், மறைத்துக் கொடுப்பது பெரிய தீங்காகிவிடும்.

ரசீது அடிக்கட்டைகளைக் கழிக்கும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். யார் எந்த மாதம் ஆறு பென்ஸ் கொடுத்தார், யார் எந்த ஆண்டில் விலகினார், எந்தத் தெருவிலிருந்து எத்தனை குடும்பங்கள் வந்தன என்பதையெல்லாம் கூட்டக் குறிப்பு சொல்லாது, அடிக்கட்டைதான் சொல்லும். நாணயமும் ஒரு காலக்குறி. 1961 பிப்ரவரி 14 அன்றுதான் இன்றைய நாணயமான ராண்ட் வந்தது என்பதால், பவுன், ஷில்லிங் கணக்கில் எழுதிய தேதியில்லாத ரசீது அனேகமாக அதற்கு முந்தையதுதான். எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பதைக் காப்பகத்தார் முடிவு செய்யட்டும். தேவையில்லாதவற்றை உங்களிடம் திருப்பித் தருவார்களா அழிப்பார்களா என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆனால் நடப்புக் கணக்குகளையும் கடந்த ஐந்தாண்டு வரிக் கணக்குச் சீட்டுகளையும் கொடுத்துவிடாதீர்கள். அவை சட்டப்படி உங்கள் கையில் இருக்க வேண்டியவை.

சொந்தம் யாருடையது என்ற கேள்விக்கு வருகிறேன். பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் தாள்கள் பல்கலைக்கழகத்தின் உடைமையாகிவிடும். பிறகு திரும்பக் கேட்க இயலாது. பாதுகாப்புக்காக ஒப்படைப்பது என்றால் உடைமை சங்கத்திடமே இருக்கும். ஆனால் நாளை திரும்பப் போகக்கூடிய பொருளுக்குச் செலவு செய்து பட்டியல் போடப் பல காப்பகங்கள் தயங்கும், அது நியாயமும்கூட. எந்த வழியானாலும் கையெழுத்திடும் முன் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். பெட்டிகள் பல வீடுகளில் இருந்ததால், எங்கள் தாத்தாவின் நோட்டு அது என்று ஏதாவது ஒரு குடும்பம் பிறகு வந்து நிற்கும்.

நாடகப் பிரதிகள் வேறு கணக்கு. தாள் உங்களுடையதாக இருந்தாலும் எழுத்தின் பதிப்புரிமை ஆசிரியருடையது. தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுதியவர் இறந்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள் வரை அது அவருடைய வாரிசுகளிடம் இருக்கும். எழுத்து மூலமாகக் கையெழுத்திட்டுத்தான் அதை மாற்றித் தர முடியும். அவருடைய பிள்ளைகள் இங்கேயே இருந்தால் இப்போதே ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பேத்தி எழுதியது:

மேலே பெரியவர் சொன்னவற்றோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். என் தாத்தா ஒரு பஜனைக் குழுவின் பொருளாளராக இருந்தவர். அவர் மறைந்த பிறகு அவருடைய காகிதங்களை வேறு நகரத்தில் உள்ள ஒரு காப்பகத்துக்குக் கொடுத்தோம். மூன்று ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது தாள்கள் அமிலமில்லாத உறைகளில் மிக அழகாக வைக்கப்பட்டிருந்தன. குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் விவரப் பட்டியலைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கணக்கு நோட்டின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தாத்தா போட்டிருந்த பிள்ளையார் சுழியைத் தமிழ் எண் இரண்டு என்று யாரோ கருதி, எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே எண் தவறுதலாக இடப்பட்டுள்ளது என்று குறித்திருந்தார்கள். புகைப்படங்களுக்கு நேரே, இந்தியக் குடும்பம், இடம் தெரியவில்லை என்று மட்டும் இருந்தது. அந்தப் படத்தில் என் பாட்டி உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கு அந்தப் பணியாளர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். தமிழ் படிக்கத் தெரியாதவர்களிடம் தமிழ்க் காகிதத்தை ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல் கொடுத்தவர்கள் நாங்கள்தான். ஆகவே செயலாளர் ஐயா, பெட்டிகளை அனுப்பும் முன் உங்கள் சங்கத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த மூத்தவர்களை நான்கைந்து சனிக்கிழமைகள் உட்கார வையுங்கள். தாளை அடுக்க வேண்டாம். பெட்டியில் இருக்கிற வரிசையிலேயே ஒரு நோட்டில் விவரம் எழுதினால் போதும். புகைப்படத்தின் பின்புறத்தில் பேனாவால் எழுதாமல், மெல்லிய பென்சிலால் ஓர் எண் மட்டும் போட்டு, இடமிருந்து வலமாக யார் யார் என்பதைத் தனித் தாளில் எழுதுங்கள். சொல்பவரின் குரலையும் பதிவு செய்துகொள்ளுங்கள். பெயர் சொல்லும்போது கூடவே கதையும் வரும்.

பெயர்களுக்கு இரண்டு எழுத்துக்கூட்டலும் வேண்டும். தமிழ்க் குறிப்பேட்டில் கவுண்டர், முதலியார் என்று இருப்பவர்கள் ஆங்கிலப் பதிவில் கவெண்டர், மூட்லி ஆகிவிட்டார்கள். இரண்டையும் இணைத்து எழுதாவிட்டால் பேரப்பிள்ளைகள் தேடும்போது அகப்பட மாட்டார்கள். தேதிகளும் அப்படியே. ஸ்ரீமுக வருஷம், யுவ வருஷம் என்று மட்டும் எழுதியிருந்தால், பக்கத்தில் 1933-34, 1935-36 என்று குறித்துவையுங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் எங்காவது ஒப்பந்தத் தொழிலாளர் எண் இருந்தால் அதைத் தனியே எழுதுங்கள். 1860 முதல் 1911 வரை தோட்டம் முதலிய வேலைகளுக்கு ஒப்பந்தத்தின் பேரில் இந்தியாவிலிருந்து நடாலுக்கு வந்த 1,52,184 பேருக்கும் எண் உண்டு. அந்த எண்ணைக் கொண்டு கப்பல் பதிவேட்டில் தந்தை பெயர், மாவட்டம், கிராமம் வரை போய்விடலாம்.

உம்லாசிக்காரர் எழுதியது:

எனக்கு ஓர் ஐயம். எல்லாவற்றையும் பல்கலைக்கழகத்தில்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமா? 2021 ஏப்ரல் 18 அன்று டேபிள் மலையின் சரிவில் பரவிய தீ கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகத்தையே எரித்தது. அடித்தளத்தில் இருந்தவற்றைத் தீத் தடுப்புக் கதவுகள் காப்பாற்றினாலும், தீயணைக்கப் பாய்ச்சிய தண்ணீர் அங்கேயும் இறங்கியது. சேதமே வராத இடம் என்று ஒன்றும் இல்லை. மேலும் நம் ஆட்களில் பலருக்குப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் போய் அடையாள அட்டை காட்டி, ஒரு பெட்டிக்காகக் காத்திருந்து படிக்கும் பழக்கம் கிடையாது. டர்பனில் இந்திய வம்சாவளியினரின் வரலாற்றைப் பேணும் 1860 பாரம்பரிய மையம் இருக்கிறது. கோயில் மண்டபங்களும் இருக்கின்றன.

ஓய்வுபெற்ற காப்பகப் பணியாளர் எழுதியது:

நியாயமான கேள்விதான். ஆனால் கோயில் மண்டபத்தில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் யார் பார்த்துக்கொள்வார்கள்? டர்பனின் கோடைப் புழுக்கத்தில் மூடிய அலமாரிக்குள் காகிதம் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். ஜாகர் நூலகத்தின் தீ எனக்குச் சொன்ன பாடம், கொடுக்கும் முன் நகல் எடுக்க வேண்டும் என்பதுதான். தாள்களை அங்குலத்துக்கு 300 புள்ளி, புகைப்படங்களை 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து, ஒரு பிரதியைக் காப்பகத்துக்கும் ஒரு பிரதியைச் சங்கத்துக்கும், மூன்றாவதை வேறு ஊரில் இருக்கும் உறுப்பினர் ஒருவருக்கும் கொடுங்கள். உள்ளூர் மக்கள் அந்த நகலைப் பார்க்கட்டும். மூலம் குளிர்ந்த அறையில் கிடக்கட்டும்.

ஒன்றை மறந்துவிட்டேன். போப்பியா எனப்படும் 2013ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய தகவலுக்குப் பொருந்தும். 1970களின் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இப்போது அறுபது வயதுதான். ஏழைக் குடும்பங்களின் உதவி விண்ணப்பங்கள், கணவன் மனைவி வழக்கைச் சங்கம் தீர்த்துவைத்த குறிப்புகள் போன்றவை இருந்தால், அவற்றை இத்தனை ஆண்டுகள் வரை யாருக்கும் காட்டக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதலாம். அப்படி எழுதும்போது தடை முடிவடையும் ஆண்டைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். சங்கம் அனுமதித்தால் பார்க்கலாம் என்று மட்டும் எழுதிவைத்தால், சங்கமே இல்லாமல் போகும் நாளில் அந்தப் பெட்டியை யாராலும் திறக்க முடியாது.

சாட்ஸ்வர்த் செயலாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை செயற்குழுவைக் கூட்டி இந்தப் பதில்களை வாசித்துக் காட்டினேன். ரசீதுகளைக் கழிக்கும் திட்டம் கைவிடப்பட்டது. கிழிந்த தாள்களை ஒட்ட வாங்கிவைத்திருந்த செலோ டேப் சுருள்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். நன்கொடைப் பத்திரம் என்ற வழிக்கே பெரும்பாலோர் இசைந்தார்கள். உதவி விண்ணப்பங்களுக்கு மட்டும் 2060 வரை தடை கேட்கப் போகிறோம். ஆவண மையத்துக்கு எழுதும் முதல் கடிதத்தில் பெட்டிகளின் எண்ணிக்கையையும் நனைந்த பெட்டியின் நிலையையும் குறிப்பிட்டு, அவர்களில் ஒருவர் நேரில் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறோம்.

தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களைக் கணக்கெடுத்தபோது சங்கத்தில் மூன்று பேர்தான் தேறினார்கள். மூவருமே எழுபத்தைந்தைக் கடந்தவர்கள். அதில் ஒருவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை இருப்பதால், அடுத்த சனிக்கிழமையே புகைப்படங்களிலிருந்து தொடங்குகிறோம். பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் டர்பனில் வேறு யாரேனும் இருந்தால் இங்கே எழுதுங்கள். வண்டி அனுப்பி அழைத்து வருகிறோம்; மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.