வெள்ளிக்கு முன் ஒரு சொல் தேவை: பனிப்பாரம் நீங்கி எழும் நிலம்

வெள்ளவத்தை:
உயர்தரப் புவியியல் கைந்நூலின் வரைபடம் வெள்ளி அச்சுக்குப் போகிறது. பனிக்கட்டி உருகிக் கடல் உயர்வதற்குக் 'கடலேற்றம்' என்று போட்டாயிற்று. பனிக்கட்டியின் பாரம் நீங்கியதும் கீழே அமிழ்ந்திருந்த நிலம் எழுவதற்கு என்ன போடலாம்? பெட்டியில் ஏழு எழுத்துத்தான் அடங்கும்.

தெஹிவளை:
கடல்கோள் இருக்கக் கடலேற்றம் எதற்கு? குமரிக்கோடு என்னும் மலையைக் கடல்கொண்ட கதையோடு வந்த சொல்.

வெள்ளவத்தை:
ஐயா, 2004க்குப் பிறகு எங்கட பிள்ளைகளுக்குக் கடல்கோள் என்றால் சுனாமி. இதுவோ 20,000 ஆண்டுகளுக்கு முன் 120 மீற்றர் அளவுக்குக் கீழே கிடந்த கடல், ஆயிரமாயிரம் ஆண்டாக ஏறியது. பாக்குநீரிணையின் ஆழம் பெரும்பாலும் 15 மீற்றருக்குள். அன்று மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு நடந்தே போகலாம். எழும் நிலத்துக்குச் சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை:
பாரத்துக்கேற்ப நிலம் தாழ்ந்தும் எழுந்தும் சமநிலை காண்பதை ஆங்கிலத்தில் ஐசோஸ்டசி என்பார்கள். அதற்குக் கிரேக்கத்தில் 'சமமாய் நிற்றல்' என்று பொருள். ஆகவே 'சமநிற்பு மீட்சி'.

பம்பலப்பிட்டி:
எட்டு எழுத்து. 'நிலமீள்வு' போதும். 3 கிலோமீற்றர் தடிப்புப் பனிக்கட்டி ஏறினால், பனிக்கட்டி, பாறை இரண்டின் அடர்த்திக் கணக்கில் நிலம் 800 மீற்றருக்கு மேல் அமிழும். கீழுள்ள பாறை பாகுபோல் மெல்ல நகர்வதால் இன்னும் எழுந்து முடியவில்லை. பொத்னியா வளைகுடாக் கரை ஆண்டுக்கு ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் எழுகிறது. துறைமுகம் ஆழம் குறைந்துபோய், சுவீடனின் லூலியோ நகரை 1649இல் இடம்மாற்றினார்கள்.

கொட்டாஞ்சேனை:
கொழும்பில் நிலமீள்வு என்றால் கடலை நிரப்பி எடுத்த துறைமுக நகரம்தான் நினைவுக்கு வரும்.

தெஹிவளை:
மேலெழுதலைக் குறிக்கும் எக்கு என்ற வேரைப் பாருங்கள். இடுமணல் எக்கர், நீரை மேலே தள்ளும் எக்கி. ஆகவே 'நிலவெக்கம்'.

கொட்டாஞ்சேனை:
எக்கர் அலை கொண்டுவந்து இட்ட மணல், தானாக எழுந்ததல்ல. வயிற்றை எக்கினால் உள்ளேதான் போகும்! 'நிலவெக்கம்' என்றால் பிள்ளைகள் நிலாவைத் தேடுவார்கள்.

பம்பலப்பிட்டி:
சொல் எதுவானாலும் வரைபடத்தில் இலங்கைமேல் நிலம் எழுவதைக் காட்டும் அம்புக்குறியைப் போடாதீர்கள், இங்கே பனிக்கட்டிப் பாரம் இருந்ததில்லை. அக்குரல, ஹிக்கடுவைப் பக்கம் தரைக்குள் கிடக்கும் முருகைக்கல்லைக் காட்டி 'நிலம் எழுந்தது' என்று எழுதுகிறார்கள். ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல்தான் இன்றைவிடச் சற்று உயர்ந்திருந்தது. பிறகு, பனிப்பாரம் அழுத்தியபோது பனிப்படலங்களின் விளிம்பில் புடைத்திருந்த கடற்றளம் தாழ, அதை நிரப்ப இங்கிருந்து நீர் வடிந்தது.

வெள்ளவத்தை:
அம்பை எடுத்துவிட்டோம். 'மீளெழுகை' என்றால் நாலு எழுத்து. மூவர் சம்மதம், அதையே போடுகிறேன்.

தெஹிவளை:
சொல்லடைவில் 'எக்கம்' என்றும் ஒரு வரி சேர்த்தால் குடியா முழுகிவிடும்? நான் இணங்கவில்லை.