லைக்கா எம்10-க்கு சின்ன வைட் லென்ஸ் எது?

எம்10 கேமரா வச்சிருக்கேன், 50 எம்எம் லென்ஸ் மட்டும்தான் இருக்கு, நடந்துட்டே எடுக்க வெயிட் இல்லாத வைட் (அகலமா எடுக்கிற லென்ஸ்) வேணும், 21 எம்எம்மா 28 எம்எம்மான்னு குழப்பமா இருக்கு, சொல்லுங்க.

பதில்: 28 எடுங்க. வியூஃபைண்டர்லயே 28க்கு பிரேம் லைன் (படத்துல எதுவரைக்கும் வரும்னு காட்டுற கோடு) இருக்கு, 21க்கு கிடையாது, மேல தனி ஃபைண்டர் மாட்டணும் இல்லன்னா பின் ஸ்கிரீன்ல பாத்து எடுக்கிற லைவ் வியூதான். லைக்காவோட எல்மாரிட் 28 எஃப்2.8 ஆஸ்ஃபெரிக்கல் 200 கிராம்கூட வராது, கையில வச்சா விட மனசு வராது.

பதில்: 21ன்னா கவனம். ஃபிலிம் காலத்து டிசைன்கள்ல லென்ஸோட பின் கண்ணாடி சென்சாரை ஒட்டி வரும், ஓரத்துல லைட் ரொம்ப சாய்ஞ்சு விழும், அதனால ஊதா கலர் ஏறும், என் பழைய 21ல அப்படித்தான், கருப்பு வெள்ளைக்கு மாத்திட்டேன்.

நான் மூக்குக்கண்ணாடி போடுறேன், 28 லைன் தெரியுமா?

பதில்: ஓரம் முழுசா தெரியாது, கண்ணை நகர்த்திப் பாக்கணும். 35 போட்டுப் பாருங்க.