சப்-ஆர்க்: டிப் மாற்றியும் பீட் ஒரே அகலத்தில் வரவில்லை, உதவி தேவை

வயர்முனை:
அவசரம். சப்-ஆர்க் (ஃபிளக்ஸ் தூளுக்கு அடியில் ஆர்க் எரியும் வெல்டிங்) டிராக்டரில் பீட் (வெல்ட் வரி) ஓரிடத்தில் அகலமாகவும் கொஞ்ச தூரத்திலேயே ஒடுங்கியும் வருகிறது. காண்டாக்ட் டிப் (வயருக்குக் கரண்ட் கொடுக்கும் முனை) புதிது. ஃபிளக்ஸும் மாற்றியாகிவிட்டது. செட்டிங்கைத் தொடவே இல்லை, போன வாரம் வரை நன்றாக ஓடிய மிஷின். அடுத்து எந்த உதிரியை மாற்றுவது?

பற்றுகோல்:
வயர் என்ன சைஸ்? எத்தனை ஆம்பியர்? பவர் சோர்ஸ் சிசியா (ஆம்பியர் மாறாமல் நிற்பது) சிவியா (வோல்ட் மாறாமல் நிற்பது)? எர்த் எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது?

சூடுதான்முக்கியம்:
ஃபிளக்ஸ் மாற்றினீர்கள் சரி, ஓவனில் வைத்தீர்களா? அக்லாமரேட்டட் (பொடிகளைப் பசை சேர்த்து உருட்டிய) வகை ஈரத்தை நன்றாக உறிஞ்சும். மூட்டை திறந்து கிடந்தால் 300 முதல் 350 டிகிரியில் காய வைத்துத்தான் ஹாப்பரில் போட வேண்டும். துல்லியமான அளவு தயாரிப்பாளர் தாளில் இருக்கும். எனக்குத் தெரிந்து சப்-ஆர்க் தகராறுகளில் பாதிக்கு மேல் ஈர ஃபிளக்ஸ்தான்.

பழையகை:
தம்பி, "செட்டிங்கைத் தொடவில்லை" என்பதை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. இங்கே பலமுறை எழுதிவிட்டேன்: மீட்டர் பார்க்கத் தெரிந்தால் பாதி உதிரி வாங்க வேண்டியதில்லை. பீட் மாறும்போது ஆம்பியர் ஆடுகிறதா, வோல்ட் ஆடுகிறதா? அதைப் பார்த்துவிட்டு வா.

வயர்முனை:
3.2 மி.மீ. வயர், 450 ஆம்பியர், 32 வோல்ட். சிசியா சிவியா தெரியவில்லை. ஆம்பியர் பெரிதாக ஆடவில்லை, வோல்ட்தான் 28க்கும் 38க்கும் நடுவே ஓடுகிறது. போரோசிட்டி (வெல்டில் வாயுத் துளை) இல்லை.

பற்றுகோல்:
அப்படியானால் சிசியில்தான் ஓடுகிறது. சிவியில் வயர் திணறினால் ஆம்பியர் விழும், வோல்ட் நிற்கும். சிசியில் ஆம்பியர் நிற்கும், ஆர்க் நீளம் மாறுவதால் வோல்ட் ஏறி இறங்கும். வயர் சீராக வரவில்லை என்று வைத்துக்கொண்டு வயரைத் தள்ளும் டிரைவ் ரோலைப் பாருங்கள். பள்ளம் 3.2க்கு உரியதா, தேய்ந்து வழவழப்பாகிவிட்டதா? வழுக்குகிறதே என்று பிரஷர் திருகைக் கண்டபடி இறுக்காதீர்கள். வயர் நசுங்கும், உதிரும் தூள் டிப் துளையை அடைக்கும். வயரை நிமிர்த்தும் ஸ்ட்ரெய்ட்னரையும் பாருங்கள். வயர் வளைவோடு இறங்கினால் முனை பக்கவாட்டில் அலையும், டிப் துளையும் சீக்கிரம் முட்டை வடிவமாகிவிடும்.

சூடுதான்முக்கியம்:
உருகாத ஃபிளக்ஸை உறிஞ்சித் திரும்ப எடுக்கும் ரெக்கவரி யூனிட் வைத்திருக்கிறீர்களா? அதற்கு வரும் காற்றில் தண்ணீர் இருந்தால் காய வைத்த ஃபிளக்ஸும் வீண்.

துகள்:
போரோசிட்டியே இல்லை என்கிறார், இன்னும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ரெக்கவரியில் எனக்கு ஈரத்தைவிடப் பெரிய கவலை தூள். திரும்பத் திரும்பச் சுற்றினால் துகள்கள் உடைந்து பொடி சேரும், வாயு வெளியேற வழியில்லாமல் பீட் மேல் குழி விழும். சல்லடை, மில் ஸ்கேலைப் (இரும்பின் மேல் உரியும் ஆக்சைடு செதில்) பிடிக்கக் காந்தம், கூடவே புதுசையும் கலக்க வேண்டும்.

சூடுதான்முக்கியம்:
சலித்தால் போதும் என்பது ஃபியூஸ்டு (உருக்கி உடைத்த) ஃபிளக்ஸுக்குப் பொருந்தும். அதில் ஒவ்வொரு துகளும் ஒரே கலவை. அக்லாமரேட்டட்டில் பொடியை எடுத்தால் கலவையே மாறக்கூடும்.

துகள்:
அதற்காகப் பொடியை உள்ளேயே விடுவதா? புதுசு கலக்கச் சொன்னதே அதற்குத்தானே.

பழையகை:
ஃபிளக்ஸ் சண்டைக்குத் தனி இழை போடுங்கள். தம்பி, ஆர்க் இல்லாமல் வயரை மட்டும் ஓட விட்டுப் பார். அப்போதும் திக்கினால் ரோல், டிப், ஸ்பூல் பிரேக் என்று தேடு. சீராக வந்தால் கோளாறு கன்ட்ரோலில். சிசியில் ஃபீடர் (வயரை ஊட்டும் பகுதி) ஆர்க் வோல்ட்டைப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அந்த வோல்ட்டை எடுத்துப் போகும் சென்ஸ் லீட் தளர்ந்திருந்தால் ஃபீடருக்குத் தப்பான கணக்குப் போகும். எல்லாரும் டிப்பை மாற்றுவார்கள், அந்த மெல்லிய ஒயரை ஒருவரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

பற்றுகோல்:
இது சரியான வழி. அதோடு வெல்டிங் கேபிள் முனை லக்குகளையும் கையுறையோடு தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் உள்ளே பிடிப்பு இல்லை. எதையும் கழற்றும் முன் மெயினை அணைத்துவிடுங்கள்.

வயர்முனை:
சென்ஸ் லீட்தான். கிளிப் துருவின் மேல் உட்கார்ந்திருந்தது. சுரண்டிவிட்டு போல்ட் போட்டு இறுக்கியதும் வோல்ட் ஆடாமல் நின்றுவிட்டது. எல்லாருக்கும் நன்றி.

பழையகை:
எங்கே கட்டினாய்? எர்த் லக்கோடு சேர்த்து அதே போல்ட்டில் கட்டாதே. வெல்டிங் கரண்ட் ஓடும் பாதையை விட்டுத் தள்ளி, ஜாபில் (வெல்ட் செய்யும் இரும்பில்) சுத்தமான இடத்தில் தனியாகக் கட்டு. இல்லாவிட்டால் எர்த் பிடிப்பு கெடும்போதெல்லாம் அந்த வோல்ட் இழப்பும் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

துகள்:
ஃபிளக்ஸ் உயரம் எவ்வளவு வைக்கிறீர்கள் என்று கடைசி வரை சொல்லவே இல்லையே? 25 முதல் 30 மி.மீ. போதும், அதற்கு மேல் குவிக்காதீர்கள்.