பொருள்: இடுப்பு மூட்டு அறுவையில் 'போன் சிமெண்ட்' – தமிழில் என்ன?

மொழிபெயர்ப்பாளர்:
குழுமத்தாருக்கு வணக்கம். நோயாளி கையெழுத்திடும் அறுவை ஒப்புதல் படிவம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பழைய வரைவில் 'என்புப் பசை' என்று இருக்கிறது. அப்படியே விடலாமா?

எலும்பு மருத்துவர்:
பசை வேண்டாம். இது எதையும் ஒட்டுவதில்லை. செயற்கை மூட்டின் உலோகத் தண்டுக்கும் தொடையெலும்புக்கும் நடுவே உள்ள இடத்தை நிரப்பி, எலும்பின் நுண்துளைகளில் புகுந்து இறுகுகிறது, பிடிப்பு அதனால்தான். 40 கிராம் பொடி, 20 மில்லி நீர்மம். பொடியில் இறுகலைத் தொடங்கிவைக்கும் பென்சாயில் பெராக்சைடும், எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பேரியம் சல்பேட்டோ சிர்கோனியம் டையாக்சைடோ இருக்கும். கலந்ததும் சூடேறிக் கெட்டியாகும். 'எலும்புச் சாந்து' எனலாமே.

தமிழாசிரியர்:
சாந்து என்றால் சந்தனமும் நெற்றிப்பொட்டும் கூடவே வரும். கட்டடத்துக்கு உரியது காரை. சுண்ணாம்பின் காரமே காரை ஆயிற்று என்பது என் துணிபு. (காரைக்குடிக்குப் பெயர் செடியாலா சுண்ணாம்பாலா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.) 'என்பு' வள்ளுவர் ஆண்ட சொல். ஆகவே 'என்புக்காரை'.

மயக்க மருத்துவர்:
ஐயா, 'காறை எலும்பு' கழுத்தடியில் இருக்கிறது! படிவத்தைச் செவிலியர் வாசித்துக் காட்டும்போது ரகரமும் றகரமும் ஒன்றுதான்.

அதைவிட, 'சிமெண்ட் உறையும்போது' என்ற வரியை மாற்றுங்கள். அடுத்த வரி நுரையீரல் அடைப்பைப் பற்றியது. ரத்தத்தில் சிமெண்டே உறைந்துவிடும் என்று படிப்பவர் நினைப்பார். 'இறுகும்போது' என எழுதுங்கள். உண்மையில் நடப்பது வேறு. அழுத்திச் செலுத்தும்போது எலும்புக்குள் அழுத்தம் ஏறி, கொழுப்பும் மஜ்ஜைத் துணுக்குகளும் சிரைவழியே நுரையீரலுக்குப் போகின்றன. இதயத்தின் வலப்பக்கம் திணறுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 94 விழுக்காட்டுக்குக் கீழே போனாலோ, சிஸ்டாலிக் (மேல்) ரத்த அழுத்தம் 20 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தாலோ இந்தச் சிக்கலின் முதல் நிலை. செறிவு 88-க்குக் கீழ், அல்லது சரிவு 40-க்கு மேல் என்றால் இரண்டாம் நிலை. இதய இயக்க மீட்பு தேவைப்பட்டால் மூன்றாம் நிலை. முதியோருக்கும், இதய நுரையீரல் நோயுள்ளோருக்கும் ஆபத்து கூடுதல்.

எலும்பு மருத்துவர்:
அதனால்தான் தொடையெலும்பின் உட்குழாயை நீரைப் பீச்சிக் கழுவி உலர்த்துகிறோம்; கொழுப்பு பெருமளவு அப்போதே வெளியேறிவிடும். தண்டின் முனைக்கு 1–2 செ.மீ. கீழே அடைப்பான் வைத்து, சிமெண்ட் செலுத்தும் துப்பாக்கியால் அடியிலிருந்து மேல்நோக்கி நிரப்புகிறோம். அதற்குமுன், சிமெண்ட் செலுத்தப் போகிறோம் என்று மயக்க மருத்துவரிடம் உரக்கச் சொல்லியாக வேண்டும். இது படிவத்தில் இல்லை, சேருங்கள். அடுத்து, கலந்த சிமெண்டைச் செலுத்தத் தக்க நேரத்துக்கு 'வேலைக் கட்டம்' என்பதைவிடப் 'பதம்' மேல். கையுறையில் ஒட்டாமை ஒரு பதம். முந்தினால் ரத்தம் கலந்து அடுக்கடுக்காகி வலுக்குறையும். பிந்தினால் துளைகளில் புகாது, தண்டும் பாதியில் நின்றுவிடும்.

யாழ்ப்பாண உறுப்பினர்:
'பதம்' மிக நல்லது. ஆனால் எங்கள் பதிப்பில் சீமெந்துதான். என்பும் இருக்கட்டும், அது எங்கள் பள்ளிச் சொல்.

மொழிபெயர்ப்பாளர்:
நேரமில்லை. பெரும்பான்மைப்படி 'எலும்பு சிமெண்ட்'. முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் 'எலும்புச் சாந்து'. 'இறுகல்', 'பதம்' இரண்டும் ஏற்கப்பட்டன.

தமிழாசிரியர்:
'எலும்புச் சிமெண்ட்' என ஒற்று மிக வேண்டாமா?

மொழிபெயர்ப்பாளர்:
ஒற்றுப் போட்டால் 'சி' வல்லோசையாகிவிடும், ஐயா. யாரும் அப்படிச் சொல்வதில்லை.

தமிழாசிரியர்:
புணர்ச்சிக்கு உடன்படாத சொல்லைப் படிவத்தில் ஏற்றுகிறீர்கள். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். காரை பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.