இறக்கை 3 டிகிரி காட்டுகிறது, டெயிலை எந்தக் கோணத்தில் வைப்பது?

காட்பாடி கருடன்

வணக்கம். இரண்டு பேர் உட்காரும் ஹை-விங் டெயில்வீல் விமானம், ஒருவர் பாதி கட்டி நிறுத்தியிருந்ததை பிளானோடு வாங்கி இங்கே ஒரு ஷெட்டில் வைத்து முடித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டீல் டியூப் பாடி, பாடியின் நீளவாக்கில் ஓடும் மேல் குழாய், அதாவது மேல் லாங்கரான்தான் மட்டக்கோடு. அதிலிருந்து இறக்கை 2 டிகிரி, டெயில் ஸ்டெபிலைசர் (வாலின் கிடைமட்டச் சிறகு) 0 என்று பிளானில் இருக்கிறது. ஆனால் இறக்கை மாட்டும் லக்குகள் முன்பே வெல்டு ஆகி வந்தவை, மாட்டி அளந்தால் இரண்டு பக்கமும் 3 காட்டுகிறது. அவற்றை அறுத்து மறுபடி வெல்டு வைக்க மனசில்லை. டெயிலின் முன் பிராக்கெட்டுக்கு இன்னும் துளை போடவில்லை. இப்போது பிளான்படி 0 வைப்பதா, இறக்கை ஏறிய அளவுக்கு டெயிலையும் 1 டிகிரி ஏற்றுவதா? தெரிந்தவர் ஒருவர் "டெயில் மூக்கை இன்னும் இறக்கி வை, அப்போதுதான் ஸ்டெடியாகப் பறக்கும்" என்கிறார், அதுவும் குழப்புகிறது.

குடியாத்தம் கிளைடர்

ப்ரோ, பிளானில் 0 என்றால் 0 வையுங்கள். ஒரு டிகிரிக்காக தலையை உடைக்க வேண்டாம், மிச்சத்தை எலிவேட்டரில் (டெயிலின் பின்னால் ஏறி இறங்கும் பகுதி) இருக்கும் சின்னத் தகடான ட்ரிம் டேப் பார்த்துக்கொள்ளும்.

கம்மவான்பேட்டை ஏர்ஃப்ரேம்

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள், அந்த 3 டிகிரியை எதில் கேஜ் வைத்து எடுத்தீர்கள்? கிளார்க் ஒய் மாதிரி அடி தட்டையான இறக்கை என்றால் அந்தத் தட்டைக்கும் கோர்டு லைனுக்கும் (முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இணைக்கும் கோடு) சுமார் 2 டிகிரி வித்தியாசம் உண்டு. பிளான் போட்டவர் எதைக் கணக்கில் வைத்தார் என்று தெரியாமல் டெயிலைத் தொடக் கூடாது. அடுத்தது, ஷெட் தகரக் கூரையா? நம்ம ஊர் வெயிலில் மத்தியானம் ஒரு பக்கம் சூடேறின ஃபிரேமை அளந்தால் நேராக இருப்பதும் கோணலாகக் காட்டும். விடிகாலையில் அளக்கவும். டிஜிட்டல் கேஜை லாங்கரான் மேல் வைத்து ஜீரோ செய்துவிட்டுத்தான் இறக்கைக்குப் போக வேண்டும், தரை மட்டத்தை நம்பக் கூடாது.

காட்பாடி கருடன்

சார், இறக்கை அடி தட்டை இல்லை. மரத்தில் டெம்ப்ளேட் வெட்டி, முன்விளிம்பும் பின்விளிம்பும் உட்கார வைத்து, பாடியை ஒட்டிய ரூட் ரிப்பில்தான் எடுத்தேன். பிளானும் கோர்டு லைன் என்றே சொல்கிறது. இன்று காலை ஆறு மணிக்கு மறுபடி பார்த்தேன், இடது 3.0, வலது 3.1.

கம்மவான்பேட்டை ஏர்ஃப்ரேம்

அப்படியானால் 1 டிகிரி ஏற்றுங்கள், முன்விளிம்பு மேலே. காரணம் சொல்கிறேன், கிளைடர் தம்பியும் கேட்கட்டும்.

பறக்கும்போது எடையைத் தூக்க இறக்கைக்கு ஒரு கோணம் வேண்டும், அது பாடியைக் கேட்காது. இறக்கையை 1 டிகிரி கூட வைத்து வெல்டு செய்திருந்தால், அதே வேகத்தில் பாடிதான் 1 டிகிரி மூக்கு தாழ்ந்து போகும், பாடியோடு சேர்ந்து டெயிலும் தாழும். இதோடு இறக்கையைத் தாண்டி வரும் காற்று கீழ்நோக்கி வளைந்து வருகிறது, இந்த ரக விமானத்தில் க்ரூஸில் (சீரான வேகத்தில் நேராகப் பறக்கும்போது) சுமார் 2 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளான்படி கட்டி, பாடி மட்டமாகப் போனால் 0-வில் வைத்த டெயில் காற்றுக்கு மைனஸ் 2-ல் இருக்கிறது, அதனால்தான் அது கீழே அமுக்குகிறது. உங்கள் விமானத்தில் 0 வைத்தால் அது மைனஸ் 3 ஆகிவிடும். வால் தேவைக்கு மேல் அமுக்கும், மூக்கு ஏறப் பார்க்கும், நீங்கள் ஸ்டிக்கை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு எலிவேட்டர் ஒன்றரை, இரண்டு டிகிரி கீழே தொங்கும். ட்ரிம் டேப் கையின் பாரத்தைக் குறைக்கும், சரிதான், ஆனால் தொங்குகிற எலிவேட்டர் தொங்கிக்கொண்டேதான் இருக்கும், இழுவையும் போகாது, கீழ்ப்பக்கம் மிச்சமிருக்கும் அசைவும் குறையும்.

ஸ்டெடி என்று சொன்னவரிடம் சொல்லுங்கள், நிலைத்தன்மை சிஜி (எடையின் மையம்) எங்கே இருக்கிறது, டெயில் எவ்வளவு பெரிது, எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதில்தான். டெயில் கோணம் எந்த வேகத்தில் ட்ரிம் ஆகும் (ஸ்டிக்கைத் தள்ளாமல் இழுக்காமல் நிற்கும்) என்பதை மாற்றும், அவ்வளவே. சிஜி பின்னால் போன விமானத்தை டெயில் கோணம் வைத்துக் காப்பாற்ற முடியாது. பைப்பர் கப் விமானத்தில் ட்ரிம் செய்யவே ஸ்டெபிலைசர் முழுவதையும் ஜாக்ஸ்க்ரூ வைத்து ஏற்றி இறக்குகிறார்கள், அதனால் அது ஸ்டெடி ஆவதும் இல்லை, கெடுவதும் இல்லை. பிளான் விற்றவருக்கும் ஒரு மெயில் போடுங்கள், லக்கு மாறியிருப்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

ராணிப்பேட்டை லேத்து

கோணம் முடிவாகிவிட்டது என்றால் வேலைக்கு வருகிறேன். முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இடையே எத்தனை மில்லி?

காட்பாடி கருடன்

420 அண்ணா.

ராணிப்பேட்டை லேத்து

அப்போ 1 டிகிரிக்கு 7.3 மில்லி. வாசரை அடுக்கி உயர்த்தாதீர்கள், போல்ட் வளையும். ஒரே கட்டியாக அலுமினியத் தகடு மில்லிங் செய்து முன் பிராக்கெட்டின் அடியில் கொடுங்கள், போல்ட்டும் அந்த அளவுக்கு நீளமாக வாங்க வேண்டும், மரை பகுதி துளைக்குள் உட்காரக் கூடாது. துளையை நீளவாக்கில் ராவி அட்ஜஸ்ட் செய்யும் பழக்கம் பட்டறை மோட்டார் மவுண்டுக்குச் சரி, இங்கே வேண்டவே வேண்டாம். முக்கியமாகப் பின் பிராக்கெட் கோணம் மாறினால் சுழல இடம் இருக்கிறதா பாருங்கள். முன்னால் தூக்கி, பின்னால் விறைப்பாக இறுக்கினால் அந்த இடத்தில்தான் நாளைக்கு விரிசல் விடும்.

இடமும் வலமும் ஒன்றா என்று பார்க்க கொத்தனார் டியூப் லெவல் போதும், தண்ணீருக்கு பேட்டரி தீராது. டெயிலின் கோர்டு 600 மில்லி என்றால் 1 மில்லி வித்தியாசம் 0.1 டிகிரி, உங்கள் கேஜும் அதைவிட நுணுக்கமாகக் காட்டாது. அப்புறம் இரண்டு டெயில் முனையிலிருந்தும் முன்னால் பாடியின் நடுக்கோட்டில் ஒரே புள்ளிக்கு டேப் பிடித்துப் பாருங்கள், நீளம் சமமாக வர வேண்டும்.

குடியாத்தம் கிளைடர்

சரி, மைனஸ் 3 கணக்கு புரிந்தது, ட்ரிம் டேப் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் முன்னால் 7 மில்லி தகடு என்றால் இணைப்பை மூடும் ஃபேரிங் உட்காராதே?

கம்மவான்பேட்டை ஏர்ஃப்ரேம்

ஃபேரிங்கைக் கடைசியில் செய்யலாம். தகடு போட்டதும் கேபிளை மறுபடி இழுத்து எலிவேட்டர் நியூட்ரலையும் ஸ்டாப்பையும் ஸ்டெபிலைசரை வைத்துத் திரும்பக் குறிக்க வேண்டும், பிரேஸ் கம்பியையும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இறுக்க வேண்டும். எலிவேட்டர் ஹார்னில் (கேபிள் மாட்டும் கை) டிகிரிக்கு ஒரு கோடு பெயிண்ட் அடித்து வையுங்கள். டிஜிசிஏ அனுமதி வந்து டெஸ்ட் பறக்கும்போது, க்ரூஸில் அந்தக் கோட்டைப் பார்க்க சின்ன கேமரா ஒன்று மாட்டினால் போதும். ஒருவர் இருந்தும் இருவர் இருந்தும், சிஜி நடுவில் வருகிற மாதிரி எடை வைத்துப் பாருங்கள். எலிவேட்டர் பின்விளிம்பு கீழே தொங்கினால் ஸ்டெபிலைசர் முன்விளிம்பை இன்னும் அரை டிகிரி ஏற்றவும், மேலே தூக்கி நின்றால் இறக்கவும். ஒரு தடவைக்கு அரை டிகிரிக்கு மேல் மாற்றாதீர்கள்.

எங்கே பறப்பது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். அப்துல்லாபுரம் ஏர்ஸ்ட்ரிப் ஏர்போர்ட் அத்தாரிட்டி கையில் இருக்கிறது, அந்தப் பக்கம் அரக்கோணத்தில் நேவியின் ராஜாளி தளம் வேறு.

காட்பாடி கருடன்

ரொம்ப நன்றி சார், நன்றி அண்ணா. பின் பிராக்கெட் போய்ப் பார்த்தேன், இரண்டு தகட்டுக்கு நடுவே ஒற்றை போல்ட்தான், சுழலும். லேத்து அண்ணா, டிராயிங் போட்டு அனுப்பினால் கட்டி மில்லிங் செய்து தர முடியுமா?

ராணிப்பேட்டை லேத்து

அனுப்புங்க. 7.3 கட்டியோடு அரை டிகிரி கூட, அரை டிகிரி குறைய என்று 11-லும் 3.7-லும் ஒவ்வொரு ஜோடி சேர்த்தே போட்டுவிடலாம்.