புதுப்பிப்பு: சோலார் பலகையில் படிந்த வெள்ளைத் திட்டு

மொட்டைமாடியிலுள்ள 3 கிலோவாட் சோலார் பலகைகளைக் கழுவிய பிறகும் மின் உற்பத்தி ஏறவில்லை என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது: ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். கழுவிவிட்டு அப்படியே காயவிட்டதில், உப்பு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. நகத்தால் சுரண்டினால் நறநறவென்றது.

நேற்று விடியற்காலையில், பலகை குளிர்ந்திருக்கும்போதே, சேமித்த மழைநீரில் சிறிது வினிகர் கலந்து மென்துணியால் துடைத்து, நன்றாக அலசி, ரப்பர் பட்டையால் நீரை வழித்தேன். திட்டுகள் போய்விட்டன. வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடலாம்.

பலகைமேல் ஏறி நின்று தேய்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம்! கண்ணாடி தாங்கினாலும் உள்ளே மின்சாரம் தயாரிக்கும் செல்கள் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். நான் நீளக் கைப்பிடித் துடைப்பானைத்தான் பயன்படுத்தினேன்.

இன்னொன்று எனக்கு உண்மையிலேயே அச்சமூட்டியது. பலகைக்கு அடியில் ஒரு கம்பியின் உறையை அணில் கடித்து, செம்பு பளபளவென்று தெரிந்தது. இன்வெர்ட்டரை (பலகையின் மின்சாரத்தை வீட்டுக்கேற்றபடி மாற்றும் கருவி) அணைத்தாலும் வெளிச்சம் இருக்கும்வரை அந்தக் கம்பியில் மின்னழுத்தம் இருக்கும். தண்ணீர் வாளியை உடனே அப்பால் வைத்துவிட்டு இறங்கினேன். மின்பணியாளர் நாளை வருகிறார். அதுவரை மாடிக் கதவைப் பூட்டி வைத்திருக்கிறேன்.